தக்போ நாட்டு மருத்துவர்

சென்ற பருவத்தில் எங்கள் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. நோய் தீர்க்கும் திபெத்திய யோகத்தை வார இறுதி நாள்களில் கற்றுக்கொள்ளலாம், இரண்டு நிலைகளை முடித்தவர்கள் பிறருக்குக் கற்பிக்கவும் சான்றிதழ் பெறலாம் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். கட்டணத்தைப் பார்த்ததும் கல்விக்கடனில் காலம் தள்ளும் என் போன்றோர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட வேண்டியதுதான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னோடு அறைக்கு வந்துவிட்டது. அந்த நாட்டில், அந்தக் கலை பிறந்த காலத்தில், ஒருவர் எப்படிப் பயின்றார்? எப்போது அவர் கற்பிக்கத் தகுதி பெற்றார்?

நூலகத்தில் தேடப் போன எனக்குக் கிடைத்தது ஒரு மருத்துவரின் கதை. அவர் பெயர் கம்போபா. திபெத்திய பௌத்தம் படித்தவர்களுக்கு மிக அறிமுகமான பெயர். நம் மாணவர்களிடையே அவ்வளவாகத் தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். என் தாத்தா ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் டிரெசராக வேலை பார்த்தவர். பால் மரக் கத்தி கிழித்த கை முதல் பிள்ளைப்பேறு வரை லயத்தில் இருந்த அத்தனை பேரும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவருடைய மூத்த மகள், அதாவது நான் பார்த்திராத என் பெரியம்மா, ஆறு வயதில் காய்ச்சலில் இறந்து போனார். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த தாத்தா அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. கம்போபாவின் கதையைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் முகம்தான் தெரிந்தது.

கம்போபா 1079-ஆம் ஆண்டில் திபெத்தின் தென்கிழக்கில் உள்ள ஞால் என்னும் பகுதியில் பிறந்தார். அதை அடுத்துள்ள வட்டாரத்துக்குத் தக்போ என்று பெயர். தந்தை மருத்துவர். மகனும் இளம் வயதிலேயே மருத்துவம் கற்றார். அக்காலத் திபெத்திய மருத்துவம் இந்தியாவிலிருந்து நிறைய பெற்றுக்கொண்டிருந்தது. வாக்பட்டரின் அஷ்டாங்க ஹிருதயம் பதினோராம் நூற்றாண்டிலேயே திபெத்திய மொழிக்குப் போய்விட்டது. நாம் வாதம், பித்தம், கபம் என்று சொல்வதை அவர்கள் லுங், திரிபா, பெக்கென் என்பார்கள். நாடி பிடித்துப் பார்ப்பார்கள், சிறுநீரைப் பார்த்தும் நோயைக் கணிப்பார்கள். நம் சித்த மருத்துவர்களின் நாடியும் நீர்க்குறியும் இமயத்துக்கு அப்பாலும் உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி.

இருபதுகளின் தொடக்கத்தில், அதாவது இன்று நாம் விரிவுரை மண்டபத்தில் தூங்கி வழியும் வயதில், அவர் வட்டாரத் தலைவர் ஒருவரின் குடும்பத்தில் பெண் எடுத்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். அவர் நல்ல மருத்துவர். ஊரில் மதிப்பும் இருந்தது, சொத்தும் இருந்தது.

அப்போது கொள்ளைநோய் வந்தது. முதலில் ஒரு குழந்தை போனது. அடக்கம் முடித்து வீடு திரும்பியதும் மற்ற குழந்தையும் போனது. பிறகு மனைவி படுக்கையில் விழுந்தார். அவர் தமக்குத் தெரிந்த மருந்துகளையெல்லாம் கொடுத்துப் பார்த்தார், வழிபாடுகளும் நடத்தினார். எதுவும் பலிக்கவில்லை. உடல் எலும்பும் தோலுமாகிவிட்டது, ஆனாலும் உயிர் பிரியவில்லை. இந்த இடத்தில் அவருக்குள் இருந்த மருத்துவர் ஒன்றைக் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். இவ்வளவு நலிந்த உடலை இன்னும் எது பிடித்து வைத்திருக்கிறது? நிலமா, நகையா, பிறந்த வீடா என்று மனைவியிடமே கேட்டார். அவற்றில் எதுவும் இல்லை. தாம் இறந்த பிறகு கணவர் வேறொரு பெண்ணை மணந்துகொள்வாரே என்பதுதான் அந்தப் பெண்ணை வாட்டியது. மணக்க மாட்டேன், துறவியாகி அறவழியில் செல்வேன் என்று அவர் வாக்களித்தார். மனைவிக்கு அது போதவில்லை. சாட்சி வேண்டும் என்றார். உறவினரான ஒரு மாமாவை வரவழைத்து அவர் முன்னிலையில் சத்தியம் செய்தார். அதன் பிறகே அந்த உயிர் பிரிந்தது.

வாழ்க்கை வரலாறுகளில் இதைச் சுருக்கமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை மூன்று முறை திரும்பத் திரும்பப் படித்தேன். நோயை அவரால் தீர்க்க முடியவில்லை. நோயாளியின் வேதனையை ஒரு வாக்குறுதியால் தீர்த்தார். அந்த வாக்குறுதியை வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டியவர் அவரேதான்.

இறுதிச் சடங்குகள் முடிந்ததும் சொத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு பங்கு மனைவியின் சடங்குகளுக்கும் தானத்துக்கும், ஒரு பங்கு கோயில் காணிக்கைக்கு, மீதிப் பங்கு தம்முடைய துறவு வாழ்க்கைக்கு. பிறகு ஒதுக்குப்புறமாக ஒரு குடில் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிட்டார். சில நாள் கழித்து அந்த மாமா ஆறுதல் சொல்ல வந்தார். துக்கத்தில் கிடப்பான் என்று நினைத்து வந்தவரிடம், மனைவி இறந்த பிறகு தாம் மகிழ்ச்சியாக இருப்பதாக மருமகன் சொன்னார். மாமாவுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டுமா? சத்தியத்தை மீறி வேறு பெண்ணைத் தேடிக்கொண்டான் என்றே முடிவு கட்டி, கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் முகத்தில் எறிந்தார். அவரோ அமைதியாக, அன்று சாட்சியாக நின்றவர் நீங்கள்தானே, சொன்ன சொல்லைத்தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டார். மாமா வெட்கிப் போனார். நிலபுலன்களைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

1104-ஆம் ஆண்டில், இருபத்தாறு வயதில், முறையாகத் துறவு பூண்டார். சோனம் ரின்சென் என்ற பெயர் கிடைத்தது. லாசாவுக்கு வடக்கே பென்யுல் பள்ளத்தாக்கில் இருந்த கடம்பா மரபின் ஆசான்களிடம் சில ஆண்டுகள் பயின்றார். இங்கே நம் கடல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம். கடம்பா மரபு வங்காளத்து அதீசர் திபெத்தில் ஏற்படுத்திய போதனையிலிருந்து வளர்ந்தது. அந்த அதீசர் இளம் வயதில் கடல் கடந்து சுவர்ணத்தீவுக்கு வந்து தர்மகீர்த்தி என்னும் ஆசானிடம் 12 ஆண்டுகள் கற்றவர். அது சுமத்திரா என்பதே பொதுவான கருத்து. இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்த ஸ்ரீவிஜயத்தின் காலம் அது. இராஜேந்திர சோழனின் படைகள் கடாரத்துக்கு வந்த 1025-க்குச் சற்று முந்தைய ஆண்டுகள். பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக ஏற்கும் மனப்பயிற்சியை அதீசர் நம் பகுதியிலிருந்துதான் கொண்டு போனார். மனைவி மக்களை இழந்த ஓர் இளம் மருத்துவருக்கு அது போய்ச் சேர்ந்தது.

கடம்பாத் துறவிகளின் ஒழுக்கம் கடுமையானது. அவர் நன்றாகப் படித்தார், நன்றாகத் தியானமும் செய்தார். பல நாள்கள் அசையாமல் அமர்ந்திருக்கும் அளவுக்கு மனம் அடங்கியது. ஆயினும் ஒரு நாள் நடை பயின்று கொண்டிருந்தபோது மூன்று பிச்சைக்காரர்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். ஒருவன் வயிறார உண்ண ஆசைப்பட்டான், ஒருவன் அரசனாக ஆசைப்பட்டான். மூத்தவரோ, ஆசைப்படுவதானால் மிலரேபாவைப் போல் ஆக ஆசைப்பட வேண்டும், அவருக்கு உணவும் வேண்டாம், உடையும் ஒரே பருத்தித் துணிதான் என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும் அவருக்கு உடல் சிலிர்த்தது. மூவரையும் வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவளித்து, மிலரேபா இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டார். கடம்பா ஆசான்கள் போய் வர விடை கொடுத்தார்கள், துறவொழுக்கத்தை மட்டும் கைவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள்.

மிலரேபாவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். இளமையில் தாயின் பேச்சைக் கேட்டு மாந்திரீகத்தால் உறவினர் பலரைக் கொன்றவர். பிறகு அந்தப் பாவம் தாங்காமல் மார்பா என்னும் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போனார். அவரோ கல்கோபுரங்களைக் கட்டச் சொல்வதும் இடிக்கச் சொல்வதுமாக முதுகுத்தோல் உரியும்வரை வேலை வாங்கினார். பின்னர் மிலரேபா மலைக்குகைகளில் காஞ்சொறிக் கீரையைத் தின்று உடல் பச்சை நிறமாகும்வரை தவம் இருந்தார் என்று கதைகள் சொல்லும். அவர் பெயரில் உள்ள ரேபா என்ற சொல்லுக்குப் பருத்தி உடுத்தியவர் என்று பொருள். பனிமலையில் ஒற்றைத் துணியோடு உயிர் வாழ அவருக்கு உதவியது தும்மோ என்னும் உட்சூட்டு யோகம். இந்திய சித்தர் நரோபாவிடமிருந்து மார்பா கொண்டு வந்த ஆறு யோகங்களில் அதுவே அடித்தளம்.

பயணம் எளிதாக இருக்கவில்லை. நேபாள எல்லையை ஒட்டிய பகுதிக்கு வெகுதொலைவு நடக்க வேண்டும். வழியில் நோயுற்று, உணவில்லாமல் மயங்கி விழுந்தார். ஒரு வழிப்போக்கர் கொடுத்த தண்ணீரில்தான் உயிர் பிழைத்தார். பக்கத்து ஊரை அடைந்தபோது ஒரு பெண்மணி அவரை மிகுந்த மரியாதையோடு வரவேற்று, மத்தியத் திபெத்திலிருந்து இப்படி ஒரு துறவி வருவார், தகுதியான சீடர் என்று மிலரேபா முன்பே சொல்லியிருந்ததாகத் தெரிவித்தார். அதைக் கேட்டு அவருக்கு ஒரு துளி கர்வம் வந்துவிட்டது. மிலரேபாவுக்கு அது எப்படித் தெரிந்ததோ, பதினைந்து நாள் அவரைப் பார்க்கவே மறுத்துவிட்டார். குகை வாசல்வரை வந்தவர் வெளியே காத்துக் கிடந்தார்.

உள்ளே அழைத்தபோது பொன்னும் தேயிலையும் காணிக்கை வைத்தார். பொன்னுக்கும் இந்தக் கிழவனுக்கும் ஒத்துவராது, உன் தவத்துக்குச் செலவு செய்துகொள் என்று மிலரேபா அதைத் திருப்பிக் கொடுத்தார். (கட்டணம் பற்றிய என் முதல் பத்தியை வாசகர்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) அடுத்து ஒரு மண்டையோட்டுக் கிண்ணத்தில் சங் என்னும் வாற்கோதுமை மதுவை நீட்டினார். துறவிக்கு மது விலக்கு. சுற்றிலும் பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்றே தயங்கிய அவர், பின் ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்து முடித்தார். ஆசான் சோதித்தது குடிப்பழக்கத்தை அல்ல என்று நினைக்கிறேன். நல்ல துறவி என்று பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைத்தான் சோதித்தார்.

பல நாள் சமாதியில் அமர முடியும் என்று புதிய சீடர் சொன்னபோது மிலரேபா சிரித்துவிட்டார். மணலைப் பிழிந்தால் எண்ணெய் வராது, எண்ணெய் வேண்டுமானால் வித்தைத்தான் பிழிய வேண்டும் என்பது அவர் பதிலின் சாரம். அதாவது வெறுமனே அமைதியாக உட்கார்ந்திருப்பது போதாது. உடலைக் கொண்டே வேலை செய்ய வேண்டும். அப்படித் தொடங்கியதுதான் தும்மோப் பயிற்சி.

அது என்ன பயிற்சி? நம்மவர்களுக்குப் புரியவைப்பது கடினமில்லை, ஏனென்றால் சொற்கள் பாதி நம்முடையவை. இடை, பிங்கலை, சுழுமுனை என்று நாம் சொல்லும் மூன்று நாடிகளை அவர்கள் கியங்மா, ரோமா, உமா என்பார்கள். மூச்சை உள்ளிழுத்து, கீழிருந்தும் மேலிருந்தும் அழுத்தி, தொப்புளுக்குக் கீழே குடம் போல நிறுத்துவார்கள். நம் கும்பகமேதான், அவர்கள் பெயரும் குடத்தைக் குறிப்பதே. உடலை உள்ளீடற்ற ஒளிக்கூடாகப் பாவித்து, தொப்புளில் நூலிழை போன்ற ஒரு சுடரைக் காண வேண்டும். மூச்சு அதை ஊதி வளர்க்கும். நாடிகளின் முடிச்சுகளைத் தளர்த்துவதற்காகத் துருல்கோர் என்னும் உடற்பயிற்சிகளும் உண்டு. குதிப்பதும் முறுக்குவதும் மூச்சைப் பிடித்தபடியே செய்ய வேண்டும். இன்று திபெத்திய குணமளிக்கும் யோகம் என்ற பெயரில் உலகமெங்கும் கற்பிக்கப்படுபவற்றில் பல, இந்தப் பழைய உடற்பயிற்சிகளோடு உறவுடையவை.

இது வெறும் கதையா என்று அறிவியல் மாணவர்கள் கேட்கலாம். 1982-இல் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தர்மசாலாவுக்கு அருகே தும்மோ பயின்ற துறவிகள் மூவரின் கை, கால் விரல்களின் வெப்பநிலை 8.3 செல்சியஸ் பாகை வரை உயர்ந்ததாக அதில் பதிவு செய்தார்கள். 2013-இல் நம் பக்கத்து வீட்டிலிருந்தே ஓர் ஆய்வு வந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியா கொழெவ்னிக்கொவ் தலைமையிலான குழு கிழக்குத் திபெத்தில் பயிற்சி பெற்றவர்களை அளந்து பார்த்தது. சிலரின் உடல் உள்வெப்பநிலை 38.3 பாகை வரை சென்றது. அழுத்தமான மூச்சுதான் வெப்பத்தை ஏற்றுகிறது, மனத்தில் சுடரைப் பாவிப்பது அந்த ஏற்றத்தை நீண்ட நேரம் நிலைக்க வைக்கிறது என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்.

கம்போபாவிடம் வெப்பமானி இல்லை. அவரிடம் இருந்தது ஆசான் ஒருவர்தான். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பயிற்சி தொடங்கிய ஏழாம் நாளில் அவருக்கு ஐந்து புத்தர்களின் காட்சி கிடைத்தது. தம் தவம் பலித்துவிட்டது என்று ஓடிப் போய் ஆசானிடம் சொன்னார். கண்ணை விரலால் அழுத்திக்கொண்டு பார்த்தால் நிலவு இரண்டாகத் தெரியுமல்லவா, அப்படித்தான் இதுவும் என்றார் மிலரேபா. உடலில் உள்ள காற்றுகள் வசப்படுவதன் அறிகுறி இது, இதில் குற்றமும் இல்லை, குணமும் இல்லை, போய்த் தொடர்ந்து செய் என்று அனுப்பிவிட்டார். மற்றொரு நாள் அண்டமெல்லாம் சக்கரம் போலச் சுழன்றது. வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். இட வல நாடிகளில் ஓடும் காற்று நடுநாடிக்குள் புகுகிறது, குற்றமும் இல்லை, குணமும் இல்லை, தொடர்ந்து செய் என்பதே மறுபடியும் பதில்.

பிறகு ஒரு நாள் நரகமே கண் முன் விரிந்தது. மார்பு அடைத்தது, மூச்சு முட்டியது. செத்துப்போவோமோ என்று அஞ்சி ஆசானிடம் வந்தார். மிலரேபா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துக் கட்டியிருக்கும் பட்டை குட்டையாக இருக்கிறது, மேல்காற்றை அது இறுக்குகிறது, தளர்த்திக் கட்டிக்கொள் என்றார். ஐயப்பன் சிலையில் முழங்காலைச் சுற்றி இருக்குமே, அந்த யோகபட்டம்தான். பட்டையைத் தளர்த்தியதும் நரகம் மறைந்தது!

சொர்க்கம் வந்தாலும் அறிகுறி, நரகம் வந்தாலும் அறிகுறி. மருத்துவராக இருந்தவர் இப்போது நோயாளியின் இடத்தில் உட்கார்ந்திருந்தார், எதிரே இருந்தவர் நாடி பார்த்தார். ஒவ்வொரு மாணவனின் மூச்சும் பட்டையும் எப்படி இருக்கின்றன என்று பக்கத்தில் இருந்து பார்க்கும் ஒருவர் இல்லாவிட்டால் இந்தப் பயிற்சி என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து புத்தர்களைக் கண்ட அன்றே கம்போபா வகுப்பெடுக்கக் கிளம்பியிருக்கலாம். நரகத்தைக் கண்ட அன்றே பைத்தியமாகியும் இருக்கலாம்.

ஓராண்டுக்கும் மேலாக அங்கே தங்கிப் பயின்ற பின் மிலரேபா அவரைக் கிழக்கே அனுப்பினார். தனி மலையில் போய்ப் பயிற்சியைத் தொடரச் சொன்னார். எப்போது கற்பிக்கத் தொடங்கலாம் என்பதற்கும் ஒரு கணக்குச் சொன்னார், ஆனால் அதில் மாதமும் ஆண்டும் இல்லை. தன் மனத்தின் இயல்பைத் தானே கண்டு, இந்தக் கிழட்டு ஆசானை மெய்யான புத்தராக உணரும் நாள் ஒன்று வரும், அன்று தொடங்கலாம் என்றார். அவ்வளவுதான் சான்றிதழ்.

விடைபெற்று ஓடையைத் தாண்டிச் சிறிது தூரம் போனவரை மிலரேபா கூப்பிட்டார். எவருக்கும் சொல்லாத ஒரு போதனை மிச்சம் இருக்கிறது, அதை உன்னைத் தவிர யாருக்குக் கொடுப்பேன் என்றார். சீடர் திரும்பி வந்து வணங்கி நின்றார். மிலரேபா திரும்பி நின்று உடுத்தியிருந்த துணியைத் தூக்கிக் காட்டினார். கல்லில் அமர்ந்து அமர்ந்து பிட்டம் முழுவதும் காய்த்துப் போய், குளம்பு போலத் தடித்திருந்தது. இதைவிட ஆழமான போதனை தம்மிடம் இல்லை என்றார்.

குறிப்பிட்ட ஓர் ஆண்டில், குறிப்பிட்ட ஒரு நாளில் திரும்பி வந்து தம்மைப் பார்க்கும்படியும் ஆசான் சொல்லியிருந்தார். கம்போபா தம் ஊர்ப்பக்கம் போய்ப் பல ஆண்டுகள் தனிமையில் அமர்ந்தார். பயிற்சியில் ஆழ்ந்துபோனதில் அந்த நாள் நினைவுக்கு வரத் தாமதமாகிவிட்டது. புறப்பட்டு யார்லுங் பகுதியை அடைந்தபோது, மிலரேபா மறைந்துவிட்ட செய்தியும் அவருக்கென்று விட்டுச்சென்ற கைத்தடியும் பருத்தித் துணியின் ஒரு பகுதியும் எதிரே வந்தன. அவர் மூர்ச்சையாகி விழுந்தார். மிலரேபா மறைந்த ஆண்டு நூல்களில் 1123 என்றும் 1135 என்றும் இரு விதமாக வருகிறது. மனைவிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய மனிதர், ஆசானிடம் ஏற்ற வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனார். வரலாற்றாசிரியர்கள் இதை மறைக்காமல் எழுதியிருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

1121-ஆம் ஆண்டில் தக்போ பகுதியில் கம்போ மலையில் அவர் ஏற்படுத்திய இருப்பிடம் தக்லா கம்போ மடமாக வளர்ந்தது. கம்போபா என்ற பெயர் அந்த மலையிலிருந்து வந்ததுதான். ஆசான் குகை குகையாகத் திரிந்து பாடல்களால் கற்பித்தவர். சீடரோ காவியுடை துறக்காதவர், நூல் அறிவும் உள்ளவர். கடம்பா மரபின் படிப்படியான பயிற்சியையும் மிலரேபாவின் யோகத்தையும் ஒரே மடத்துக்குள் இணைத்தவர் அவர்தான். அவர் எழுதிய விடுதலையின் மணியணி என்னும் நூல் 21 இயல்கள் கொண்டது. இன்றும் அந்த மரபினர் பயிலும் முதன்மையான பாடநூல் அதுவே. மாணவன் தன்னை நோயாளியாகவும் ஆசானை மருத்துவராகவும் போதனையை மருந்தாகவும் கருத வேண்டும் என்ற பழைய பௌத்த உவமை அந்நூலிலும் வருகிறது. மற்றவர் எழுதினால் அது உவமை. குழந்தைகள் இருவரைப் புதைத்த மருத்துவர் எழுதும்போது அப்படி மட்டும் கடந்துவிட என்னால் முடியவில்லை.

கற்பித்த முறையிலும் அவர் மருத்துவராகவே இருந்தார். எல்லாருக்கும் தும்மோ கொடுக்கவில்லை. சிலருக்குத் தீமையை விலக்கும் ஒழுக்கம், சிலருக்கு அதையே மருந்தாக மாற்றும் யோகம், வேறு சிலருக்கு மனத்தின் இயல்பை நேரே சுட்டிக்காட்டும் மகாமுத்திரை. தாந்திரிகத் தீட்சை இல்லாமலேயே மகாமுத்திரையைக் கற்பிக்கலாமா என்று அடுத்த நூற்றாண்டில் சாக்கிய பண்டிதர் கடுமையாகக் கண்டித்தார். அந்த வாதம் நெடுங்காலம் ஓயவில்லை.

பாக்மோ துருபா என்ற கற்றறிந்த துறவி, தாம் ஏற்கெனவே உயர்நிலை அடைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு வந்தார். கம்போபா அப்போது வறுத்த வாற்கோதுமை மாவை உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். (அந்த மாவுக்குச் சம்பா என்று பெயர், நம் சம்பா அரிசி அல்ல.) வந்தவர் தம் அனுபவங்களை எல்லாம் சொல்லி முடித்ததும், அதைவிட என் கையில் இருக்கும் இந்த உருண்டை பயனுள்ளது என்றார். மிலரேபாவின் சிரிப்பு அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. கர்வம் கரைந்த பாக்மோ துருபாவிடமிருந்து பின்னாளில் எட்டுக் கிளை மரபுகள் தோன்றின. அதே காலத்தில் பயின்ற இன்னொருவர் துசும் கியென்பா, முதலாம் கர்மாபா. கர்மாபாக்களின் வரிசை அவரிடமிருந்து தொடங்குகிறது.

கம்போபா 1153-இல் மறைந்தார். தம்மை நேரில் காண முடியாமல் போனதே என்று வருங்காலத்தில் ஏங்குபவர்கள் தம் நூல்களைப் படித்தால் போதும், அது தம்மைச் சந்திப்பதற்குச் சமம் என்று சொல்லிவிட்டுப் போனார் என்பார்கள். மடத்தின் பொறுப்பு அவருடைய அண்ணன் மகன் கோம்துலிடம் வந்தது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் தக்லா கம்போ இடிபட்டது. பின்னர் ஒரு பகுதி மீண்டும் கட்டப்பட்டது.

அவருக்குப் பல பெயர்கள். துறவுப் பெயர் சோனம் ரின்சென், மலைப் பெயர் கம்போபா. மிலரேபாவிடம் போன பிறகு அவர் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகவில்லை. ஆயினும் திபெத்தியர்கள் அவரைத் தக்போ லார்ஜே என்றே அதிகம் அழைத்தார்கள். லார்ஜே என்றால் மருத்துவர். அவர் வழி வந்த கிளைகள் அனைத்தும் சேர்ந்து இன்றும் தக்போ காக்யூ என்று அந்த ஊர்ப் பெயராலேயே வழங்குகின்றன.

துண்டுத்தாள் இன்னும் பலகையில்தான் இருக்கிறது. அதன் மேல் இரத்ததான முகாம் அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள்.